ரோஸ்லின் சிஸ்டர் உடைக்காத டெபாசிட்

புதிதாக வங்கி வேலையில் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் சென்ற மாதம் எனக்குப் போன் செய்தார். "மேடம், டெபாசிட்ட பாதியில உடைக்க வர்றவங்ககிட்ட ஏன் உடைக்கிறீங்கன்னு கேக்கலாமா, கூடாதா?" என்று கேட்டார். விதி அவருக்குத் தெரியாதது அல்ல. பணம் அவர்களுடையது, கையெழுத்து சரியாக இருந்தால் கொடுத்துவிட வேண்டியதுதான். தெரிந்தும் கேட்கிறார் என்றால், அன்றைக்கு அவருடைய கவுன்டருக்கு யாரோ வந்து போயிருக்கிறார்கள், வந்தவர் போன பிறகும் இவர் மனதை விட்டுப் போகவில்லை என்று அர்த்தம். யார் என்று நான் கேட்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

யோசித்ததில் எனக்கு ஒரே ஒருவர்தான் நினைவுக்கு வந்தார். அவரைப் பற்றிப் போனில் சொல்லி முடிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். கேட்டவர் மட்டுமல்ல, மற்றவர்களும் படிக்கலாம்.

நான் கடைசியாக மேலாளராக இருந்தது சிதம்பரம் கிளையில். வீடு கடலூர் முதுநகரில். காலையில் ரயிலேறிப் போய் மாலையில் ரயிலேறி வருவேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா சீக்கிரமே போய்விட்டதால் இரண்டு தம்பிகளைப் படிக்க வைக்கும் வேலை எனக்கு வந்தது. அவர்கள் படித்து முடித்து வெளியூர் போனபோது எனக்கு அதற்கான வயது கடந்திருந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நான் சொல்லப்போகும் மனிதரை எந்தக் கண்ணால் பார்த்தேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ரோஸ்லின் சிஸ்டர் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேருக்கு ஊசி போட்ட கை. அதனால் கடைத்தெருவிலும் வங்கியிலும் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். கணவர் பஸ் டிரைவர். வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் இறந்துவிட்டார். ஒரே மகன் ஸ்டீபன், சென்னையில் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. சிஸ்டர் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார்.

பென்ஷன் வரவாகும் மறுநாள் காலை தவறாமல் வந்துவிடுவார். அவரிடம் ஏடிஎம் கார்டு உண்டு, பயன்படுத்தவும் தெரியும். இருந்தாலும் கவுன்டரில் வரிசையில் நின்றுதான் பணம் எடுப்பார். எடுத்த பிறகும் உடனே கிளம்ப மாட்டார். ஏசிக்கு நேராக இருக்கும் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். யாராவது செலான் எழுதத் தெரியாமல் விழித்தால் கூப்பிட்டு எழுதிக் கொடுப்பார். நகைக்கடனுக்கு வந்த பெண்ணின் கைக்குழந்தை அழுதால் வாங்கி வைத்துக்கொள்வார்.

"வேலை முடிஞ்சிருச்சா சிஸ்டர்?" என்று நான் கேட்பேன்.

"முடிஞ்சிருச்சு மேடம். வெளிய வெயிலு ஜாஸ்தியா இருக்கு. செத்த நேரம் உக்காந்துட்டுப் போறேன்."

மழைக்காலத்திலும் இதையேதான் சொல்வார்.

அவர் எதற்கு உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் முதுநகர் ஸ்டேஷனில் எந்த ரயிலுக்கும் காத்திராமல் நான் போய் உட்கார்ந்திருக்கிறேன். மனிதர்கள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவேன். அதனால் சிஸ்டரை அந்த நாற்காலியிலிருந்து எழுப்ப வேண்டும் என்று எங்கள் செக்யூரிட்டி ஒருமுறை சொன்னபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் சொல்ல வந்த நாள் ஒரு மார்ச் மாதக் கடைசியில் வந்தது. ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அன்று காலை பத்தரை மணிக்கே மண்டல அலுவலகத்திலிருந்து போன் வந்துவிட்டது. எங்கள் கிளை டெபாசிட் இலக்கை எட்டவில்லை, வெளியே போகிற பணத்தைப் பிடித்து நிறுத்துங்கள் என்று. போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் கேபின் வாசலில் ஸ்டீபன் நின்றிருந்தார். பின்னால் சிஸ்டர்.

ஸ்டீபன் மரியாதையான பிள்ளை. இஸ்திரி போட்ட சட்டை, தோளில் லேப்டாப் பை, பேச்சில் சென்னை அவசரம்.

"மேடம், அம்மா பேர்ல இருக்குற ரெண்டு டெபாசிட்டையும் க்ளோஸ் பண்ணணும். பிளாட் ஒண்ணு புக் பண்ணியிருக்கோம். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பில்டருக்குப் பணம் போயாகணும். இல்லன்னா வேற பார்ட்டிக்குக் குடுத்துடுவேன்றான்."

படிவங்களை நீட்டினார். எல்லாம் அவருடைய கையெழுத்தில் ஒழுங்காக நிரப்பப்பட்டிருந்தன. கீழே சிஸ்டரின் கையொப்பம். ஊரில் எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கிறவருக்கு அன்றைக்கு வேறொருவர் எழுதியிருந்தார். சிஸ்டர் என் எதிரில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு குடும்பம் சேர்ந்து வந்து பணத்தைப் பற்றிப் பேசும்போது, பேசுகிறவரை மட்டும் பார்க்காதீர்கள். பேசாமல் இருப்பவர் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் கணக்கு அவர் பெயரில்தான் இருக்கும்.

பணம் போய்ச் சேர வேண்டிய கணக்கின் பாஸ்புக் நகல் தேவைப்பட்டது. ஆளை அனுப்பி எடுத்து வரச் சொல்லியிருக்கலாம். நான் ஸ்டீபனையே அனுப்பினேன். "எதிர்லயே ஜெராக்ஸ் கடை இருக்கு தம்பி. கரண்ட் இல்லன்னா பக்கத்துத் தெருவுல ஒண்ணு இருக்கு." அவர் போனதும் கதவைச் சாத்தினேன்.

"சிஸ்டர், இது உங்க விருப்பம்தானா?"

"ஆமா மேடம். புள்ளைக்குத்தானே."

"ரெண்டையுமா?"

சிஸ்டர் ஒரு நோயாளியின் ஜுரம் எவ்வளவு என்று டாக்டரிடம் சொல்வது போல, எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் சொன்னார்.

"போன கிறிஸ்மஸுக்கு அவன் வரல மேடம். அதுக்கு முந்தின கிறிஸ்மஸுக்கும் வரல. பிளாட்டுன்னு பேச்சு வந்ததுலருந்து வாராவாரம் வர்றான். நான் வச்ச கொழம்ப நல்லாருக்கும்மான்னு சொல்றான். குடுத்துட்டா அப்பப்ப வந்து போவான். குடுக்கலன்னா வரமாட்டான்."

இந்த மாதிரி இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. உங்களுக்கும் சொல்லித் தர மாட்டார்கள். எனக்கு வாய் வரை வந்தது, கொடுக்காதீர்கள் என்ற வார்த்தைதான். ஆனால் அந்த வார்த்தை யாருடையது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. சிஸ்டர் மேல் உள்ள அக்கறையில் வருகிறதா, காலையில் வந்த போனிலிருந்து வருகிறதா? பணம் வெளியே போகாவிட்டால் என் இலக்குக்கு நல்லது. இரண்டும் ஒரே பக்கம் இழுக்கும்போது மனிதர்கள் தங்கள் லாபத்துக்கு அக்கறை என்று பெயர் வைத்துவிடுவார்கள். எங்கள் தொழிலில் இது தினமும் நடக்கிறது.

அதனால் அதை உடைத்தே சொன்னேன்.

"சிஸ்டர், ஒண்ணு சொல்லிடறேன். இது மார்ச் மாசம். இந்தப் பணம் இங்கயே இருந்தா எனக்கு லாபம். அதனால நான் சொல்றதுல பாதியத் தள்ளிட்டுக் கேளுங்க. குடுங்கன்னோ குடுக்காதீங்கன்னோ நான் சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். இதை எதுக்காகச் சேத்தீங்க?"

அவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். இதை யாரும் அவரிடம் கேட்டதே இல்லை என்று அந்தப் பார்வையில் தெரிந்தது.

"ஒண்ணு அவரு செத்தப்ப வந்த காசு. அது ஸ்டீபனுக்குன்னுதான் வச்சிருந்தேன். இன்னொண்ணு என் ரிடையர்மென்ட் காசு மேடம்." கைப்பையின் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "வார்டுல அட்மிஷன் போடறப்ப முதல்ல, கூட யாரு வந்திருக்கான்னுதான் கேப்போம். யாருமில்லன்னு சொல்றவங்க இருப்பாங்க. பஸ் ஸ்டாண்டுல விழுந்து கெடந்தவங்க. புள்ளைங்களே கொண்டாந்து விட்டுட்டுப் போனவங்க. மருந்து நாங்க குடுத்துடுவோம். சோறு யாரு ஊட்டுவா? பாத்ரூமுக்கு யாரு புடிச்சு அழைச்சிட்டுப் போவா? ஒரு வார்டுக்கு நாங்க ரெண்டு பேரு. அவுங்க கூப்புடுவாங்க மேடம். மத்தவங்க எல்லாம் புள்ள பேர, பொண்டாட்டி பேரச் சொல்லிக் கூப்புடுவாங்க. இவுங்களுக்குப் பேரே இருக்காது. யாராவது, யாராவதுன்னு கூப்புடுவாங்க."

மேசையிலிருந்த தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"நான் ரிடையர் ஆனா, அந்த மாதிரி ஆளுங்க பக்கத்துல உக்கார கூலிக்கு ரெண்டு பொம்பளைங்கள போடணும்னு நெனச்சேன். வட்டியிலயே பண்ணிடலாம். அதுக்குத்தான் அந்தக் காசு."

"தம்பிக்குத் தெரியுமா?"

"அவன் கேட்டதில்ல. நானும் சொன்னதில்ல."

ஸ்டீபன் நகலோடு வந்தார். அவருடைய போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பில்டராகத்தான் இருக்க வேண்டும். எனக்கு இரண்டு வழி இருந்தது. படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டு வேலையை முடிப்பது ஒன்று. ஏதாவது ஒரு சாக்கு, சிஸ்டம் வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள் என்று சொல்லித் தள்ளிப்போடுவது இன்னொன்று. இரண்டாவதைச் செய்த மேலாளர்களை எனக்குத் தெரியும். அது பொய். பொய் சொல்லி ஒருவருடைய பணத்தைக் காப்பாற்றுகிற உரிமை நமக்கு இல்லை. அப்படிச் செய்தால் சிஸ்டர் வீட்டுக்குப் போய் மறுநாள் அதே படிவத்தோடு திரும்பி வருவார். நடுவில் ஓர் இரவு மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியிருக்கும்.

"எல்லாம் சரியா இருக்கு தம்பி. அம்மா சொன்னா இப்பவே போட்டுடறேன்" என்றேன். பிறகு சிஸ்டர் பக்கம் திரும்பினேன். "சிஸ்டர், எங்கிட்ட சொன்னதத் தம்பிகிட்டயும் சொல்லிடறீங்களா? அப்புறம் நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படி."

ஸ்டீபனுக்கு முகம் மாறிவிட்டது. "மேடம், உங்க டார்கெட்டுக்காக எங்கம்மாவக் கொழப்பாதீங்க."

"டார்கெட் இருக்கறது உண்மைதான் தம்பி. அதையும் அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

சிஸ்டர் சொன்னார். என்னிடம் சொன்ன அளவுக்கு விரிவாகச் சொல்லவில்லை. தட்டுத் தடுமாறி நான்கைந்து வாக்கியங்கள். ஸ்டீபன் நின்றுகொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பெத்த புள்ள நான் வாடகை வீட்டுல இருக்கேன். வீட்டுக்காரன் வருஷா வருஷம் ஏத்தறான். யாருன்னே தெரியாத ஒருத்தன் பக்கத்துல உக்கார நீ ஆள் வைக்கப்போறியா?" கோபத்தைவிட அதில் அடிபட்ட தொனிதான் அதிகம் இருந்தது. "உனக்கும் அங்க ஒரு ரூம் போட்டிருக்கேம்மா. பிளான்ல காட்டினேனே."

அவர் சொன்னதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் மோசமான மகனும் இல்லை. இதைக் கதையாகக் கேட்டால் நீங்கள் சுலபமாக ஒரு பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். கேபினில் இரண்டு பேரும் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அது அவ்வளவு சுலபமில்லை.

சிஸ்டர் மேசையில் இருந்த இரண்டு படிவங்களையும் எடுத்தார். ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

"அப்பா காசு உன்னுது ஸ்டீபா. அவரு பஸ்ஸு ஓட்டி உனக்குன்னு வச்சிட்டுப் போனது. எடுத்துக்க." இன்னொன்றை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தார். "இது நான் வார்டுல நின்ன நிப்பு. இத நான் தரமாட்டேன்."

"அவ்வளவுதானா?"

"என்னால முடிஞ்சது அவ்வளவுதான்ப்பா."

பணத்தை மாற்றிவிட்டேன். ஸ்டீபன் எனக்கு நன்றி சொன்னார். அந்த நிலையிலும் மரியாதை தவறவில்லை. அம்மாவிடம் எதுவும் சொல்லாமல் போய்விட்டார். வரும்போது இருவரும் அவருடைய காரில் வந்திருந்தார்கள். கார் கிளம்பிப் போகிற சத்தம் கேபினுக்குள் கேட்டது.

சிஸ்டருக்கு டீ வரவழைத்தேன். குடிக்கவில்லை. வெளியே போய் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். மதியச் சாப்பாட்டு நேரம் வரை அப்படியே இருந்தார். அன்று யாருக்கும் செலான் எழுதிக் கொடுக்கவில்லை.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மனதில் உறுத்திக்கொண்டிருந்ததைச் சொன்னேன். "சிஸ்டர், அந்த இன்னொரு டெபாசிட்ட வேணும்னா போஸ்ட் ஆபீஸுக்கு மாத்திக்குங்க. எனக்காக வச்சீங்கன்னு நாளைக்கு யாருக்கும் தோணக் கூடாது. உங்களுக்கே தோணக் கூடாது."

அவர் லேசாகச் சிரித்தார். "போஸ்ட் ஆபீஸ்ல ஏசி இல்லியே மேடம்."

பிறகு அவருக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன்.

ஸ்டீபன் வருவது நின்றுவிட்டது. மகன் பிளாட் வாங்கியதும், மீதிக்குக் கடன் போட்டதும் சிஸ்டர் வாயிலாகத்தான் எனக்குத் தெரிந்தது. கிருகப்பிரவேசம் மாதிரி ஒரு ஜெபக் கூட்டம் வைத்தார்கள். சிஸ்டர் போய்விட்டு அன்று சாயங்காலமே திரும்பிவிட்டார்.

"வீடு எப்படி இருக்கு சிஸ்டர்?"

"நல்லாருக்கு மேடம். காத்து வருது. எனக்குன்னு சொன்ன ரூமும் காட்டினான். அதுல அட்டப்பெட்டியா அடுக்கி வச்சிருந்தாங்க." பிறகு அவரே சொன்னார். "புது வீட்டுக்கு வந்தா சாமான் வைக்க எடம் வேணும்ல."

அதற்குள் அவர் நினைத்தபடியே இரண்டு பெண்களை ஏற்பாடு செய்திருந்தார். ஒருவர் பெயர் மல்லிகா, புவனகிரிப் பக்கம் நடவு, களையெடுப்புக்குப் போகிறவர். இன்னொருவர் வீட்டு வேலை செய்கிறவர். வார்டில் துணைக்கு ஆளில்லாத யாராவது சேர்ந்தால் அங்கே இருக்கும் நர்ஸுகள் சிஸ்டருக்குச் சொல்லிவிடுவார்கள். இருவரில் ஒருவர் போய் உட்காருவார். அன்றன்றைக்குக் கூலி. யாரும் கிடைக்காத நாளில் சிஸ்டரே போவார்.

இதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் வட்டியைக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அது கிளையை விட்டு வெளியே போய் என்ன ஆகிறது என்று போய்ப் பார்த்ததில்லை. ஒரு சனிக்கிழமை மதியம் சிஸ்டரோடு மருத்துவமனைக்குப் போனேன். லால்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு வயதான அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். மல்லிகா இட்லியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டே, தன் மாமியாரைப் பற்றி ஏதோ குறை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா வாயில் இட்லியோடு தலையை ஆட்டி ஆமோதித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். பெரிதாக எதுவும் இல்லை. யாரோ இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும்.

வெளியே வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்கு ரொம்ப நாளாகக் கேட்க வேண்டும் என்றிருந்தது.

"ஸ்டீபன் தம்பி பேசறாரா?"

"எப்பவாவது. ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிஞ்சு கூப்புடுவான். சாப்பிட்டியா, மாத்திர போட்டியான்னு கேப்பான். வச்சிடுவான்."

"அன்னிக்கு நான் ஒண்ணும் கேக்காம இருந்திருந்தா..."

"இல்ல மேடம்." அவர் என்னை முடிக்க விடவில்லை. "வருத்தமாத்தான் இருக்கு. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா வாராவாரம் வந்தான்ல, அப்பவும் சோத்தத் தின்னுட்டு செல்போனத்தான் பாத்துட்டு உக்காந்திருப்பான். அவன் எதுக்க உக்காந்திருக்கறப்பவே எனக்குத் தனியாத்தான் இருந்துச்சு. ரெண்டு டெபாசிட்டும் முடிஞ்சிருந்தா அதுவும் நின்னிருக்கும். என் கையில இதுவும் இருந்திருக்காது."

பிறகு அவர் என்னிடம் கேட்டார். "நீங்க எதுக்கு மேடம் சேத்து வச்சிருக்கீங்க?"

என்னிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. வாடிக்கையாளர்களிடம் ஆயிரம் முறை சொன்ன பதில். "மெடிக்கல் எமர்ஜென்சின்னு ஒண்ணு வந்தா வேணும்ல சிஸ்டர்."

"எமர்ஜென்சியில காசு பில்லக் கட்டிடும். அப்புறம்?"

ரயிலுக்கு நேரமாகிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன். அன்று ரயிலில் முதுநகர் வரும் வரை யோசித்துப் பார்த்தேன். தம்பிகளின் படிப்புக்குக் கொடுத்தபோது என் சம்பளத்துக்கு ஒரு போக்கிடம் இருந்தது. கையில் மிஞ்சாத காலம். ஆனால் எதற்கு வேலைக்குப் போகிறேன் என்ற கேள்வி வந்ததில்லை. அவர்கள் போன பிறகு பணம் சேர ஆரம்பித்தது. முடிந்த டெபாசிட்டை மறுபடி போட்டேன். அது முடிந்ததும் மறுபடி போட்டேன். என் பணத்தின் மேல் நான் எடுத்த முடிவு என்று அதைச் சொல்ல முடியாது. எந்த முடிவும் எடுக்காமல் இருந்ததற்குத்தான் எனக்கு வட்டி வந்துகொண்டிருந்தது.

அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், குத்துவிளக்கு கொடுத்தார்கள். ஓய்வுக்குப் பிறகு என்ன ஆகும் என்று உங்களுக்கு இப்போது சொன்னாலும் புரியாது. இத்தனை வருடம் காலையிலிருந்து மாலை வரை ஊரே என் எதிரில் வந்து உட்கார்ந்தது. திடீரென்று யாரும் இல்லை. தம்பிகள் அழைப்பார்கள், இரண்டு பேரும் நல்லவர்கள், நேரம் இல்லாதவர்கள். சில நாட்களில் என் போனுக்கு வரும் ஒரே செய்தி, உங்கள் கணக்கில் வட்டி வரவு வைக்கப்பட்டது என்ற வங்கியின் குறுஞ்செய்தியாக இருக்கும். அதை இரண்டு தடவை படித்திருக்கிறேன். நான் இருந்தபோது அப்படிப்பட்ட செய்திகள் சரியாகப் போகின்றனவா என்று பார்ப்பது எங்கள் வேலை. வாங்குகிற பக்கம் அது எப்படி இருக்கும் என்று அப்போது நினைத்துப் பார்த்ததில்லை.

எனக்கு என்று செலவும் இல்லை. பால், காய்கறி, மின்கட்டணம். தொலைக்காட்சி. ஒருமுறை நானே உட்கார்ந்து யோசித்தேன், இந்த மாதம் பிடித்துச் செய்த செலவு எது என்று. கோயம்பேடு வரை போய்த் திரும்பிய ஒரு பஸ் டிக்கெட்தான் நினைவுக்கு வந்தது. தம்பி மகளின் பிறந்தநாளுக்குப் போனது. போன வேலை முடிந்ததும் அன்றே திரும்பிவிட்டேன்.

ஒரு தை மாதத்தில் ரோஸ்லின் சிஸ்டர் போன் செய்தார்.

"மேடம், எனக்குக் கால் சுளுக்கு. நடக்க முடியல. மல்லிகாவும் இல்ல, அறுவடைக்குப் போயிட்டா. இன்னொருத்தி ஊர்லயே இல்ல. ஆம்பள வார்டுல ஒரு பெரியவரு நேத்துலருந்து தனியா கெடக்கறாராம். ஒரு நாளைக்கு நீங்க போறீங்களா?" பிறகு, "கூலி தரமாட்டேன்" என்றார்.

நான் ஆயிரம் காரணம் யோசித்தேன். எனக்கு நோயாளியைப் பார்த்துப் பழக்கமில்லை. ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். யார் பக்கத்திலும் பேசாமல் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்பதுதான். இவ்வளவையும் சிஸ்டரிடம் சொன்னேன்.

"பசிச்சா சாப்பாடு குடுங்க, வலிச்சா நர்ஸக் கூப்புடுங்க. அதுக்கு மேல ஒண்ணுமில்ல மேடம். உங்க காச இப்பத் தூக்கிக் குடுங்கன்னு நான் கேக்கல. அது எப்ப, யாருக்குன்னு நீங்க பாத்துக்கலாம். மொதல்ல ஒரு நாள் போய் உக்காருங்க" என்றார்.

மறுநாள் காலை ரயிலேறினேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பாதையில் போவது அதுதான் முதல் தடவை. வழியில் இட்லியும் ஒரு டஜன் வாழைப்பழமும் வாங்கினேன். கடைக்காரர் யாருக்கு என்று கேட்டபோது ஆஸ்பத்திரிக்கு என்று மட்டும் சொன்னேன். வார்டில் நர்ஸ் ஒரு கட்டிலைக் காட்டினார். புவனகிரிக்கு அந்தப் பக்கம் ஏதோ கிராமத்துப் பெரியவர். எலும்பும் தோலுமான உடம்பு, வெயிலில் உழைத்துக் கறுத்த கைகள். தூங்கிக்கொண்டிருந்தார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சுற்றிலும் எல்லாக் கட்டிலிலும் யாராவது ஒருவர் இருந்தார்கள். என்னையும் அவருடைய உறவு என்றே நினைத்திருப்பார்கள்.

வெகுநேரம் கழித்து அவர் கண் விழித்தார். என்னை உற்றுப் பார்த்தார்.

"யாரும்மா நீ?"

உறவில்லை, நர்ஸ் இல்லை, ஊர்க்காரியும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"பேங்க்ல மேனேஜரா இருந்தேன் ஐயா."

அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. முழங்கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தார்.

"நகைக்கடனா? அத போன அறுவடைக்கே கட்டி மீட்டுட்டேனே தாயி. ரசீது கூட வீட்டுல இருக்கு."

"கடனுக்கு வரல ஐயா. படுங்க, படுங்க."

"பின்ன எதுக்கு வந்த?"

"சும்மாதான். உங்க பக்கத்துல உக்காந்திருக்கலாம்னு."

அவர் நம்பவில்லை. வங்கியிலிருந்து ஒருவர் சும்மா வந்து உட்காருவதை அவர் ஆயுளில் கண்டிருக்க மாட்டார். நான் எழுந்து போகிறேனா என்று பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். நான் போகவில்லை. வேறு ஏதாவது கேட்பேன் என்று எதிர்பார்த்தார் போல. நான் எதுவும் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை எங்கள் பக்கம் வந்தது.

கடைசியில் அவர் உடம்பைத் தளர்த்தித் தலையணையில் சாய்ந்துகொண்டார்.

"சரி," என்றார். "அப்ப கொஞ்சம் தண்ணி குடு."